மிதவையும் செயற்கைக்கோளும் வேறுவேறு கடல் வெப்பநிலை காட்டுவது ஏன்?

கேள்வி:
செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி தரும் கடற்பரப்பு வெப்பநிலையை, ஒரு மீட்டர் ஆழத்தில் உணரி பொருத்திய மிதவையின் அளவோடு ஒப்பிட்டு வருகிறேன். காற்றில்லாத நண்பகலில் செயற்கைக்கோள் ஏறத்தாழ இரண்டு டிகிரி கூடுதலாகவும், இரவில் சற்றுக் குறைவாகவும் காட்டுகிறது. இவற்றில் எதை நம்புவது? மேகமூட்டமான நாள்களுக்கு என்ன வழி?

பதில் 1:
இரண்டையும் நம்பலாம், அவை அளப்பது ஒரே நீரை அன்று. அகச்சிவப்புக் கருவிக்குத் தெரிவது 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள மேற்படலம் மட்டுமே. அது மேலுள்ள காற்றுக்கு வெப்பத்தை ஓயாமல் இழப்பதால், அடியிலுள்ள நீரைவிடப் பெரும்பாலும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். காற்று நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் வீசும் இரவுகளில் இந்த வேறுபாடு சராசரியாக 0.17 டிகிரி அளவில் நிற்கிறது. நண்பகல் வேறுபாட்டுக்குக் காரணம் வேறு: காற்று ஓய்ந்தால் நீர் கலங்குவதில்லை, வெயிலின் சூடு மேலேயே தங்கிவிடுகிறது, உங்கள் உணரியின் ஆழத்தை எட்டுவதில்லை. ஆகவே காற்று வீசும் இரவுகளின் அளவுகளை மட்டும் எடுத்து, செயற்கைக்கோள் அளவோடு 0.17 கூட்டி ஒப்பிடுங்கள்.

பதில் 2:
அதற்குப் பிறகும் எஞ்சும் வேறுபாட்டில் வளிமண்டலத்தின் பங்கு பெரிது. நீராவி 12 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் 11-ஐவிடக் கூடுதலாக உட்கவர்வதால், அவ்விரு அலைநீளங்களிலும் கிடைக்கும் அளவுகளின் வேறுபாட்டைக் கொண்டே திருத்தம் செய்கிறார்கள். நீராவிக்கு இது போதும். தூசிக்கும் எரிமலைத் துகள்களுக்கும் போதாது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபின், இம்முறையில் கணித்த வெப்பநிலைகள் கடலை உண்மையைவிடக் குளிர்ந்ததாகக் காட்டின. அதே ஆண்டில் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-1 கோளின் ஏடிஎஸ்ஆர் கருவியோ, ஒரே இடத்தை நேர்கீழாக ஒரு முறையும் ஏறத்தாழ 55 டிகிரி சாய்வில் மறுமுறையும் பார்த்தது. சாய்ந்த பாதையில் காற்றின் தடிமன் கூடுவதால், இடையிலுள்ளவை எவ்வளவு மறைக்கின்றன என்பதைக் கணித்துவிடலாம். வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த இரண்டு கரும்பொருள்களை (தம் வெப்பநிலைக்கேற்ற கதிர்வீச்சை முழுமையாக வெளியிடும் ஒப்பீட்டுப் பொருள்களை) கருவிக்குள்ளேயே வைத்து, பறக்கும்போதே அளவுதிருத்தம் செய்ததும் அதன் சிறப்பு. சென்டினல்-3 கோள்கள் இன்றும் இம்முறையைத் தொடர்கின்றன.

பதில் 3:
மேகத்தை ஊடுருவ நுண்ணலைதான் வழி. ஆனால் அதன் ஒரு படப்புள்ளி பல பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ளது. கரையோரத்திலும் பெருமழையிலும் அதை நம்ப முடியாது. கண்டறியப்படாமல் நழுவும் மெல்லிய மேகம்தான் அகச்சிவப்புத் தரவின் பெரும் பகை என்பேன், ஏனெனில் அதன் பிழை பெரும்பாலும் குளிர்ச்சிப் பக்கமே சாயும். முதல் பதிலுக்கு ஒரு திருத்தமும் தேவை. சில தரவுத் தொகுப்புகள் மிதவை அளவுகளுக்கு ஏற்பவே முன்கூட்டிச் சரிசெய்யப்பட்டவை, அவற்றில் 0.17 கூட்டினால் ஒரே திருத்தத்தை இருமுறை செய்ததாகிவிடும். கோப்பின் விவரக்குறிப்பில் அது மேற்படல வெப்பநிலையா, குறிப்பிட்ட ஆழத்தின் வெப்பநிலையா என்பதை முதலில் பாருங்கள்.