லெனோர்மாண்ட் முழுவிரிப்பு: இடங்களுக்கு வீடா, மனையா, கட்டமா?

நண்பர்களே,

லெனோர்மாண்ட் என்னும் குறிபார்க்கும் அட்டைக் கட்டின் 36 அட்டைகளையும் பரப்பும் முழுவிரிப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் அதே எண்ணுள்ள அட்டைதான் உரிமையாளர். 23-ஆம் இடம் எலிக்கு, 25 மோதிரத்துக்கு, 34 மீனுக்கு. இந்த இடங்களைச் சோதிடப் பழக்கத்தில் ‘வீடு’ என்றே எழுதுகிறோம். ஆனால் 4-ஆம் அட்டையின் பெயரே வீடு. ‘வீட்டில் நாய்’ என்று குறிப்பெழுதினால் நாய் 4-ஆம் இடத்தில் விழுந்ததா, வீடு அட்டையை ஒட்டி விழுந்ததா? இரண்டுக்கும் பலன் வேறு. ‘மனை’ எனலாமா? எலிமனை, மீன்மனை என்று சுருக்கமாகவும் இருக்கும்.

மறுமொழி:

மனை 4-ஆம் இடத்திலேயே இடறுகிறது. ‘வீட்டுமனை’ என்றால் எவரும் காலி நிலம் என்றுதான் படிப்பார்கள். சொத்துக் கேள்வியில் அது பெருங்குழப்பம். ‘கட்டம்’ என் தேர்வு. எலிக் கட்டம், வீட்டுக் கட்டம், எங்கும் மயக்கமில்லை. வரலாறும் துணை நிற்கிறது: இந்த அட்டைகளின் மூலம் 1799-ஐ ஒட்டி நியூரம்பெர்க்கில் வெளியான, ஹெக்டெல் வடிவமைத்த ‘நம்பிக்கை ஆட்டம்’. அதில் 36 அட்டைகளை ஆறுக்கு ஆறாகப் பரப்பி, பகடை உருட்டிக் காய் நகர்த்தினார்கள். அட்டை அங்கே கட்டமாகவே இருந்தது.

சொல் எதுவானாலும் வரிசை முறையைச் சேர்த்து எழுதுங்கள். மூன்றாம் வரிசையில் ஐந்தாவது அட்டை, வரிசைக்கு 9 வைத்தால் 23, எலிக் கட்டம். வரிசைக்கு 8 வைத்துக் கடைசி நான்கைக் கீழே இடும் முறையில் அதே இடம் 21, மலைக் கட்டம். எலி சொல்லும் தேய்மானம், மலை சொல்லும் தடையாகிவிடும். வரிசைக்கு ஒன்பது என்று எண்ணிட்ட தாளை வரிசைக்கு எட்டு வைத்த விரிப்புக்கு வைத்துப் படிப்பதால்தான் பலருக்குப் பலன் பிசகுகிறது. புதிய கட்டுகளில் வரும் கூடுதல் ஆண், பெண் அட்டைகளை முதலிலேயே எடுத்துவிடவும் வேண்டும்.

தன் கட்டத்திலேயே விழும் அட்டைக்கு ‘ஆட்சி’, இரண்டு அட்டைகள் இடம் மாறி அமர்ந்தால் ‘பரிவர்த்தனை’. சோதிடத்தில் இருக்கும் சொற்கள்தாமே.

மறுமொழி:

கட்டத்துக்கு நானும் உடன்படுகிறேன். பரிவர்த்தனையும் சரி. ‘ஆட்சி’ வேண்டாம். சோதிடத்தில் ஆட்சி பெற்ற கோள் பலம் பெற்றது, பெரும்பாலும் நற்பலன். இங்கே தன் 8-ஆம் கட்டத்திலேயே விழுந்த சவப்பெட்டி முடிவை அழுத்திச் சொல்கிறது, அவ்வளவுதான். ‘தன்கட்டம்’ போதும்.

இன்னொன்றுக்கும் பெயர் தேவை. மோதிரம் எலிக் கட்டத்தில். எலி மீன் கட்டத்தில். மீன் மோதிரக் கட்டத்தில். மோதிரம் ஒப்பந்தம், எலி தேய்வு, மீன் பணம் என்று படித்தால்: ஒப்பந்தம் தேய்கிறது, தேய்வது பணம், அந்தப் பணம் முடங்கியிருப்பதும் ஒப்பந்தத்திலேயே. இதைக் ‘கட்டத்தொடர்’ எனலாம். ஒரு கட்டத்துக்கு ஓர் அட்டைதான் என்பதால் எந்தத் தொடரும் தொடங்கிய அட்டைக்கே திரும்பி முடியும். விளக்கத்தில் திசையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: அட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அந்தக் கட்டத்தின் உரிமையாளரைத் தேடிப் போவது. நடுவில் திசையை மாற்றி, எலியின் கட்டத்தில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் மோதிரமே திரும்ப வரும். மீன் கண்ணில் படாது. மூன்றட்டைத் தொடரைப் பரிவர்த்தனை என்று எழுதிவிடுவார்கள்.