மாடல் மாறினால் டூல்பாத்தும் (வெட்டும் கருவி நகரும் பாதை) மாறுமா?

காட்பாடி மில்லிங்:
ராணிப்பேட்டை சிப்காட் கம்பெனி ஒன்றுக்கு வால்வு பாடி ஓட்டுகிறோம். டிசைன் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில், கேம் (டூல்பாத் தயாரிக்கும் வேலை) தனி மென்பொருளில். மாடலை ஸ்டெப் கோப்பாக (பல மென்பொருள்களும் படிக்கும் பொதுக் கோப்பு வகை) எடுத்து கேமில் போடுகிறேன். போரை (துளையின் விட்டத்தை) 22-லிருந்து 24 மி.மீ. ஆக்கினால்கூட எல்லா முகங்களையும் முதலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

வாலாஜா விஎம்சி:
ஸ்டெப்பில் வடிவம்தான் வரும் தம்பி, ஃபீச்சர் வரலாறு (எதை எந்த வரிசையில் வரைந்தோம் என்பது) வராது. சாலிட்வொர்க்ஸ் சந்தா நடப்பில் இருந்தால் 2018 பதிப்பு முதல் சாலிட்வொர்க்ஸ் கேம் ஸ்டாண்டர்டு கூடவே கிடைக்கும். இரண்டரை அச்சு வேலைக்கு (ஒவ்வொரு ஆழமாக நிறுத்தித் தளம் தளமாக வெட்டுவது) போதும். மாடலை மாற்றினால் டூல்பாத்தை ரீபில்ட் செய்தால் (மறுபடி கணக்கிடச் சொன்னால்) சரி. ஆனால் ஃபில்லெட்டை (உருட்டிய விளிம்பை) அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் டூல்பாத்துடன் உள்ள தொடர்பு அறுந்துபோகும். டிசைன் பையனிடம் சொல்லிவையுங்கள், எடிட் மட்டும் செய்யட்டும்!

ஆற்காடு லேத்:
அப்புறம் போஸ்ட் பிராசசர், அதாவது டூல்பாத்தை மெஷினுக்கான ஜி-கோடு கட்டளைகளாக மாற்றும் பகுதி. அது உங்கள் மெஷினின் ஃபானுக் கன்ட்ரோலருக்கு ஒத்துவராவிட்டால் ஜி-கோடைக் கையால்தான் திருத்த வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள்.

காட்பாடி மில்லிங்:
சரி அண்ணா. சந்தா இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்கிறேன்.