இஞ்சிப் பானத்தில் நன்னாரி ஊற்றினேன், பாட்டில் வெடித்தது. எங்கே தப்பு?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வீட்டில் இஞ்சியை நொதிக்க வைத்து நுரைக்கிற பானம் போடுறேங்க. தோல் சீவாத இஞ்சியில் வளர்த்த ஊறல் (நொதிக்க வைக்கிற உறை மாதிரி), 4 லிட்டர் ஆறின இஞ்சித் தண்ணி, 400 கிராம் சர்க்கரை. மூணு நாள் துணி கட்டி வைத்து, வடிகட்டி, 750 மில்லி ஸ்குவாஷ் பாட்டில்களில் அடைச்சேன். வாசத்துக்குக் கடை நன்னாரி சர்பத் பாட்டிலுக்கு 30 மில்லி. மறுநாள் மத்தியானம் ஒண்ணு வெடிச்சு, சில்லு அரிசிப் பானை வரைக்கும் பறந்தது. நல்லவேளை, மகள் அடுத்த ரூமில் இருந்தாள். இன்னும் 4 பாட்டில் இருக்கு, தொடவே பயமா இருக்கு. ஆனா நன்னாரி வாசம் வேணும்.

பதில் (வேலந்தாவளம்):
முதல்ல அந்த 4 பாட்டிலைப் பாருங்க அக்கா. இப்போ தொடாதீங்க. கெட்டிப் போர்வையைப் போட்டு மூடி, யாரையும் கிட்ட விடாதீங்க. விடிகாலைக் குளிர்ச்சியில், ஹெல்மெட்டும் கனத்த கையுறையும் போட்டு, போர்வையோடயே தூக்கி ஃபிரிட்ஜில் வையுங்க. ஒரு நாள் நல்லா குளிர்ந்தா வாயு பானத்துக்குள்ளயே கரையும், அழுத்தம் இறங்கும். அப்புறம் வெளியே வைத்து, துணி சுத்தி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாத் திறங்க.

பதில் (மீனாட்சிபுரம்):
ஜெர்மனியில் வேலை பார்த்தப்போ வீட்டில் லாகர் பீர் காய்ச்சியிருக்கேன். கேரளத்தில் லைசென்ஸ் இல்லாமல் அது குற்றம், அதனால் இங்கே இஞ்சியோடு சரி. ஆனா பாட்டில் கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு வரும். லாகர் முழுசா நொதிச்சு அடங்கின பிறகு, நுரைக்காக லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரைதான் போடுவோம். சர்பத்தில் பாதிக்கு மேல் சர்க்கரை. உங்க 30 மில்லியில் 15 கிராமுக்குக் குறையாது, அதுவே லிட்டருக்கு 20 ஆச்சு. போதாததுக்கு, மூணு நாளில் உங்க 400 கிராமும் தீர்ந்திருக்காது. நம்ம பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து வெயிலில் காலையில் இறக்கின கள்ளு சாயங்காலத்துக்குள் என்ன புளிப்பு ஏறுது, பார்த்திருப்பீங்களே. சர்க்கரையை நொதிக்க வைக்கிற ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடு போதும். ஸ்குவாஷ் பாட்டில் வேற அழுத்தம் தாங்குகிற கண்ணாடி இல்லை.

வாசத்துக்கு சர்பத் வேண்டாம், நன்னாரி வேரே போதும். தட்டி, வெந்நீரில் மூடி ஊற வைத்து, ஆறினதும் வடிச்சுக்குங்க. பானத்தை ரெண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் அடியில் படியும், மாவு வாசம் போகும். தெளிவை மட்டும் எடுங்க. 100 மில்லியை டம்ளரில் ஊற்றி, வேர்ச்சாற்றை அரை ஸ்பூன், ஒரு ஸ்பூன்னு சேர்த்து ருசி பாருங்க. நாக்குக்குப் பிடிச்ச அளவை மொத்தத்துக்கும் பெருக்கிக்குங்க. லாகரில் ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாம் இப்படித்தான் அளந்து சேர்த்தேன். எலுமிச்சை கடைசியில்.

காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் மட்டும் அடைங்க. விரலால் அமுக்கினா கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜ். சித்திரையில் ஒரு நாளே அதிகம். கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், மகளுக்குத் தராதீங்க.

கேட்டவர்:
நாலையும் குளிர வைத்துத் திறந்தாச்சு. அதில் மூணு பாட்டில் கூரை வரைக்கும் பொங்கினது. இப்போ வேர்ச்சாறு போட்டு, சோடா பாட்டிலில் அடைச்சிருக்கேன். 14 மணி நேரத்திலேயே கல்லாயிடுச்சு, ஃபிரிட்ஜில் வைத்துட்டேன்.