இரண்டு தாள்கள், ஒரு பனியன் ஆர்டர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.காம். முடித்தவன் நான். நிதி மேலாண்மையும் மேலாண்மைக் கணக்கியலும் பாடத்திட்டத்தில் தனித்தனித் தாள்கள் என்பதால், ஒன்றை எழுதி முடித்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு மற்றதற்குப் போய்விடுகிறோம். அலுவலகத்தில் அவை அப்படிப் பிரிந்து வருவதில்லை.

மந்தமான பருவத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், டி-சர்ட் ஒன்றுக்கு 145 ரூபாய் தருவதாகக் கூறினார் (தொகைகளைப் புரிதலுக்காகச் சற்று மாற்றியிருக்கிறேன்). நூல், நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து மாறும் செலவு 128 ரூபாய். வாடகை, மேலாளர் சம்பளம், தேய்மானம் ஆகியவற்றின் பங்கு 22 ரூபாய். ஆக அடக்கவிலை 150 ரூபாய் என்பதால், பீஸுக்கு 5 ரூபாய் நட்டம் என்று முதலாளி ஆர்டரை மறுக்க இருந்தார்.

மார்ஜினல் காஸ்டிங் (மாறும் செலவை மட்டும் வைத்து முடிவெடுக்கும் முறை) படித்த எவரும் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார்கள். ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த 22 ரூபாய்க்குரிய செலவு நடந்தே தீரும். ஆகவே விலையில் மாறும் செலவு போக பீஸுக்கு 17 ரூபாய் பங்களிப்பு கிடைக்கிறது, ஏற்கலாம். விடைத்தாளில் இதற்கு முழு மதிப்பெண் உண்டு. ஆனால் எது மாறும் செலவு, எது நிலையான செலவு என்பதை வினாத்தாள் நமக்குத் தானமாகக் கொடுத்துவிடுகிறது. கம்பெனியில் அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பீஸ் ரேட்டில் தைப்பவரின் கூலி ஐயமின்றி மாறும் செலவு. ஷிப்ட் கணக்கில் இருப்பவருக்கு வேலையில்லாத வாரத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருந்தால், அந்த வாரத்துக்கு அது நிலையான செலவாகிவிடுகிறது. அப்போது பங்களிப்பு 17 ரூபாயைவிடக் கூடும்.

அடுத்து நிதி மேலாண்மை குறுக்கே வந்தது. சரக்கு போய் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்பது நிபந்தனை. 128 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12% வட்டி என்று வைத்தால், அந்த 90 நாளுக்கே பீஸுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் 80 காசு போய்விடும். நூல் வாங்கிய நாள் முதல் கப்பலேறும் நாள் வரையிலான வட்டி இதில் சேரவில்லை. பாடநூல் கணக்குகளில் ‘வழக்கமான விற்பனை பாதிக்கப்படாது’ என்று ஒரு வரி சாதாரணமாக வரும். ஆனால் 145 ரூபாய் விலை பழைய வாடிக்கையாளர்களின் காதுக்கு எட்டி, அவர்களும் அதையே கேட்பார்களா என்றுதான் எங்கள் முதலாளி அதிக நேரம் யோசித்தார். இறுதியில் ஒரு பகுதித் தொகையை முன்பணமாகக் கேட்டு ஆர்டரை ஏற்றுக்கொண்டார்.

மறுமொழி:

ஐயா, நீங்கள் சொன்ன அந்த 90 நாள் பணத்தை வங்கிப் பக்கமிருந்து பார்த்தவன் நான். கடன் பிரிவில் பணியாற்றிக்கொண்டே இதே தாள்களை எழுதினேன். நடைமுறை மூலதனப் (அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவையான பணம்) பாடத்தில், அதற்கு வங்கி எவ்வளவு கடன் தரலாம் என்று வரையறுத்த 1975ஆம் ஆண்டின் டாண்டன் குழு அறிக்கையை இன்றும் கணக்காகக் கேட்கிறார்கள். நடப்புச் சொத்து (சரக்கு, வரவேண்டிய பணம் போன்றவை) 40 லட்சம், வங்கிக் கடன் நீங்கலான நடப்புப் பொறுப்பு (விரைவில் தீர்க்க வேண்டிய பாக்கி) 12 லட்சம் என்றால், முதல் முறைப்படி வங்கி 21 லட்சம் வரை தரலாம். இரண்டாம் முறைப்படி 18 லட்சம்தான். பொறுப்பைக் கழித்துவிட்டு 75% எடுக்கிறோமா, 75% எடுத்துவிட்டுக் கழிக்கிறோமா என்பதே வேறுபாடு. அந்த 3 லட்சத்தைத் தொழில் நடத்துபவர் நீண்டகால நிதியிலிருந்து கூடுதலாகப் போட்டாக வேண்டும்.

இந்த வரம்பை வங்கிகள் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்ற நிலையை ரிசர்வ் வங்கி 1997இல் விலக்கிக்கொண்டது. சிறு தொழில்களுக்கான கடன் பற்றிப் பரிந்துரைத்த நாயக் குழு வழியில், எதிர்பார்க்கப்படும் ஆண்டு விற்பனையில் குறைந்தது 20% கடன் என்று எளிமையாகக் கணக்கிடுகிறோம். ஆகவே படிப்பவர்கள் டாண்டன் முறையைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாமல், தெரிந்த ஒரு கடையின் இருப்புநிலைக் குறிப்பையும் விற்பனையையும் வைத்து, மேலே சொன்ன டாண்டனின் இரண்டு முறை, நாயக் வழி என மூன்று வழியிலும் போட்டுப் பாருங்கள். வினாவில் முறை குறிப்பிடப்படாவிட்டால், எதைக் கையாளுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.