ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்று கேட்டுவிட்டு நோட்டை எடுக்கும் பையன்

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

வணக்கம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் வேலை, மாதத்தில் பாதி நாள் நைட். ஒரே பையன், ஐந்தாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடுதான்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு எங்கள் கம்பெனியில் ஆர்டர் படுத்துவிட்டது. ஷிப்மெண்ட் இருந்தால் ராத்திரி எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். இல்லாவிட்டால் வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. சனிக்கிழமை கவரில் எவ்வளவு இருக்கும் என்று வெள்ளி வரைக்கும் தெரியாது. ஃபீஸ் கட்ட முடியாமல் பையனை இங்கிலீஷ் மீடியத்திலிருந்து எடுத்து, பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் சேர்த்தோம்.

போன வாரம் அரிசி டிரம்மை நகர்த்தினால், அடியில் மடித்து வைத்த கணக்குப் பேப்பர். 25-க்கு 9. கீழே பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் பெயர். அச்சு அசல் என் கையெழுத்து, கடைசி எழுத்தை நான் இழுத்து விடுவது உட்பட. தோசைக்கரண்டியால் இரண்டு போட்டேன். அவன் அழவில்லை. அது இன்னும் கோபமாக வந்தது.

எல்லாம் அடங்கியதும் அத்தை சொன்னார்: "தினமும் சாயங்காலம் எங்கிட்டக் கேப்பான், இன்னிக்கு அம்மாவுக்கு ஒரு ஷிப்டா ஒன்றரை ஷிப்டான்னு. ஒரு ஷிப்டுன்னா நோட்டை எடுத்து வெளிய வெப்பான். ஒன்றரைன்னா பைக்குள்ளயே போட்டுருவான்."

அன்றிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நான் கண்டிப்பு அதிகமா? அத்தை போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறாரே, அந்தச் செல்லம் அதிகமா? பள்ளி மாற்றியது தப்பா? யாரைத் திருத்தினால் இது சரியாகும்?

---

ரிட்டயர்டு ஹெச்.எம்.

அடியாத மாடு படியாது அம்மா. எங்கள் அப்பா எங்களைத் தூணில் கட்டி வைத்து அடித்தவர். மூன்று பேரும் அரசு வேலையில் இருந்து பென்ஷன் வாங்குகிறோம். இன்றைக்கு மார்க் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவன் நாளைக்குச் செக்கில் போடுவான். முதலில் பாட்டியிடமிருந்து போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

---

எம்.எஸ்சி. சைக்காலஜி, இரண்டாம் வருஷம்

அக்கா, அடிப்பது வேண்டாம். டயானா பாம்ரிண்ட் என்ற ஆய்வாளர் 1960-களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் சின்னப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் கவனித்து மூன்று வகையாகப் பிரித்தார். "நான் சொன்னால் சொன்னதுதான்" என்பவர்கள் ஒரு வகை. எதையும் கேட்காமல் விடுபவர்கள் ஒரு வகை. கட்டுப்பாடும் வைத்துக்கொண்டு, பிள்ளை சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பவர்கள் மூன்றாவது. பிள்ளையைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாதவர்கள் என்ற நாலாவது வகையை 1983-இல் மெக்கோபியும் மார்ட்டினும் சேர்த்தார்கள். நீங்கள் முதல் வகை, உங்கள் அத்தை இரண்டாவது. இரண்டு பேரும் பேசி மூன்றாவது வகைக்கு வந்துவிட்டால் பையன் பிழைத்துக்கொள்வான்.

---

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

தம்பி, நல்லாத்தான் சொல்கிறீர்கள். அந்த ஊர் அம்மாக்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தவர்களா? ஒரு ஷிப்ட் நாளில் நானும் உங்கள் மூன்றாவது வகைதான். கூட உட்கார்ந்து படம்கூட வரைந்து கொடுப்பேன். ஒன்றரை ஷிப்ட் நாளில் முதல் வகை. ஆள் ஒருத்திதான். என்னை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

---

மறுதாம்பு

அக்கா, கடைசியாக எழுதினீர்களே, அதற்காகத்தான் உள்ளே வந்தேன்.

நான் விழுப்புரம் பக்கம், கரும்பு விவசாயி வீட்டுப் பெண். இப்போது அரசுத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். கரும்புக்குப் பணம் என்பது வருஷத்துக்கு ஒரு தடவை. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும், ஆள் பிடிக்க வேண்டும், லாரி போய் எடை போட வேண்டும். அதற்கப்புறம் பில் எப்போது வரும் என்பது ஆலை வைத்ததுதான் சட்டம். அந்தக் காத்திருக்கும் மாதங்களில் அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் அடகுக் கடையில். அப்பா அடிப்பதும் அந்த மாதங்களில்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் அடி, தண்ணிக் குடம் தளும்பினால் அடி. பில் வந்த வாரம் பார்த்தால் வேறு மனுஷன். திண்ணையில் உட்கார்ந்து எடைச் சீட்டை என் கையில் கொடுப்பார். "இத்தனை டன். டன்னுக்கு இவ்வளவு. வெட்டுக்கூலி, லாரி வாடகை போக நமக்கு எவ்வளவு நிக்கும், சொல்லு பாப்போம்." எனக்குக் கணக்கு வந்தது அந்தத் திண்ணையில்தான்.

என் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, பில் வராத மார்ச்சில் வந்தது. எனக்கு வந்தது பில் வந்த மார்ச்சில். அவன் டிராக்டர் ஓட்டுகிறான், நான் டீச்சர். புத்தியில் அவன் என்னைவிட ஒரு படி மேல், இதை வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

2013-இல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து செய்தது. அதில் ஒரு பகுதி முழுக்க எங்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துத்தான். படத்தில் விட்டுப்போன துண்டு எது என்று கண்டுபிடிப்பது மாதிரியான சோதனைகளை, அதே ஆட்களுக்கு அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை வைத்தார்கள். முன்பு வைத்ததில் குறைவாகவும் பின்பு வைத்ததில் நன்றாகவும் செய்தார்கள். பணக் கவலை மண்டைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மற்றதை யோசிக்க இடம் விடுவதில்லை என்பது அவர்கள் கண்டது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. எங்கள் அப்பாவை நானாக அதற்குள் உட்கார வைத்துப் படித்துக்கொண்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அரசுப் பள்ளி, ஐந்தாம் வகுப்பு என்றால் அவனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. என் வகுப்பில் முன்பெல்லாம் பத்தரை மணிக்கு மேஜையில் தலையைச் சாய்த்துவிடுகிற பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். இப்போது எட்டு மணிக்கே வந்து, இன்றைக்கு உப்புமாவா பொங்கலா என்று சமையல் அக்காவைப் பிய்த்து எடுக்கிறார்கள். ஆகக் காலையில் அவனுக்கு என்று நீங்கள் தோசை ஊற்ற வேண்டிய வேலை இல்லை. அந்த இருபது நிமிஷத்தை அவனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நோட்டைத் தொடவே தொடாதீர்கள், ஒரு ஷிப்ட் நாளானாலும் சரி. அப்புறம் அவனுக்கு ஷிப்ட் கேட்க வேண்டிய அவசியம் இருக்காது.

இன்னொன்று. அந்த 9 மார்க் பேப்பரைக் கோபம் இல்லாமல் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வரும், கேள்வி புரியாது. ஈவு, மீதி, வகுத்தி எல்லாம் அவர்களுக்குப் புதுச் சொல்.

---

ரிட்டயர்டு ஹெச்.எம்.

எல்லாவற்றுக்கும் பணக் கவலைதான் காரணம் என்றால், கையெழுத்துப் போட்ட பையன் பேரில் தப்பே இல்லையா டீச்சர்?

---

மறுதாம்பு

தப்புதான் சார். எங்கள் அப்பா அடித்ததும் தப்புதான். ஏன் என்று நான் தெரிந்துகொண்டதற்கே இருபது வருஷம் ஆயிற்று, அதனால் அந்த அடி வலிக்காமல் போய்விடவில்லை. போன் விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஆனால் பூட்டி வைத்தால், பாட்டி அந்த வயதில் ஐந்தாம் வகுப்புப் பையனை ராத்திரி எட்டரை வரை எதைக் காட்டி உட்கார வைப்பார்?

---

செக்கிங் டேபிள் (திருப்பூர்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஷிப்மெண்ட்.

டீச்சர் சொன்ன மாதிரி பேப்பரை எடுத்துப் பார்த்தோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அவனும். வகுத்தல் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறான். ஈவு எழுது என்ற இடத்தில் மீதியை எழுதி வைத்திருக்கிறான், மூன்று கணக்கிலும். பின்னத்தில் "பகுதி எது" என்று, அதாவது கீழே இருக்கும் எண்ணைக் கேட்டதற்கு, பாதி என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டால் வகுத்திருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் சிரித்தான். அவனே ஒரு அட்டையில் இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். எண்ணெய் பட்டு அதற்குள் பாதி அழிந்துவிட்டது.

காலை இருபது நிமிஷம் எல்லா நாளும் நடக்கவில்லை. அவர் நைட் முடித்து வரும் நாட்களில் பதினைந்து, பத்து என்றாகிவிடும். போன செவ்வாய் நான் எழுந்ததே லேட். ராத்திரி மட்டும் நோட்டைத் தொடுவதில்லை. முதல் இரண்டு நாள் கை பரபரத்தது. போன் அத்தையிடமே இருக்கிறது, அதில் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

அடுத்த டெஸ்டில் 25-க்கு 14. சாயங்காலம் இன்னமும் அத்தையிடம் ஷிப்ட் கேட்கிறானாம், பழக்கம் விடவில்லை போல. இந்த வாரம் வேலை மூன்று நாள்தான், வீட்டில் இருக்கும் நாளில்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அதை எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹெச்.எம். ஐயாவுக்கு: செக் பயத்தில் என் கையெழுத்தை மாற்றிவிட்டேன். தோசைக்கரண்டியை அத்தை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார், கேட்டால் தெரியாது என்கிறார். மூன்று வாரமாகத் தோசையை மரக்கரண்டியால்தான் திருப்புகிறேன், ஒன்றும் உருப்படியாக வரவில்லை.