ஓடும்போது கூலிங், சிக்னலில் சூடு: ஏசி கேஸை நானே ஏற்றலாமா?

மதுரை மகேஷ்:
2014 மாடல் சின்ன கார். பைபாஸில் போகும்போது ஏசி நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றால் கொஞ்ச நேரத்தில் சூடான காற்றுதான். ஒரு கடையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "கேஸ் தீர்ந்திருக்கும், ஏற்றிடலாம்" என்றார்கள். ஆன்லைனில் ஹோஸ், மீட்டரோடு கேஸ் கேன் கிடைக்கிறது. வாங்கலாமா?

கைவேலை கண்ணன்:
தாராளமாக வாங்குங்கள். உங்கள் வண்டிக்கு ஆர்134ஏ கேஸாகத்தான் இருக்கும், பானெட் ஸ்டிக்கரில் பார்த்துக்கொள்ளுங்கள். லோ சைடு, அதாவது அழுத்தம் குறைந்த பக்கத்துக்கான கப்ளர் (ஹோஸ் முனை), அழுத்தம் கூடிய ஹை சைடில் மாட்டாது, அளவே வேறு. அதனால் பயமில்லை. மீட்டர் முள் பச்சைக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஏசி பட்டறை முருகேசன்:
தம்பி கண்ணன், கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? மூடிய சுற்று அது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். மகேஷ் சொல்லும் அறிகுறிக்கு நான் முதலில் பார்ப்பது கண்டென்சர் ஃபேனை. கண்டென்சர் என்றால் கேஸின் சூட்டை வெளியே தள்ளும், ரேடியேட்டர் மாதிரி முன்னால் இருக்கும் பாகம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

கண்ணன்:
கேஸ் குறைந்தாலும் ஐடிலில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) கூலிங் போகும் அண்ணே. அதை மறைக்காதீர்கள்.

முருகேசன்:
போகும், மறுக்கவில்லை. அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். மகேஷ், ஏசி போட்டு, இன்ஜினை அணைக்காமல் வண்டியை நிறுத்தி, முன்னால் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், எப்போது வேண்டுமானாலும் சுற்றும். அப்புறம் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். கூலிங் திரும்பினால் குறை அங்கேதான்.

திருச்சி வாணி:
காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம்.

கண்ணன்:
எல்லாம் சரி. ஆனால் மீட்டர் கையில் இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடுமே?

முருகேசன்:
தெரியாது. இன்ஜினை அணைத்து, வெளியே 35 டிகிரி இருக்கும்போது மீட்டர் மாட்டினால் அழுத்தம் கிட்டத்தட்ட 114 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலும் அதே அளவுதான், நிறைய இருந்தாலும் அதேதான். ஓடும்போது வரும் அளவு வெயிலுக்கும் ஃபேனுக்கும் தகுந்தபடி மாறும். ஃபேன் செத்த வண்டியில் கேஸையும் ஏற்றினால் ஹை சைடு இன்னும் எகிறும், பிரஷர் சுவிட்ச், கேஸை அழுத்தும் கம்ப்ரசரை நிறுத்திவிடும்.

கண்ணன்:
கடைகளில் மட்டும் என்ன செய்கிறார்கள்? வாக்கம் போடாமல் (பம்பால் உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சாமல்), எடை பார்க்காமல் பெரிய சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

முருகேசன்:
நியாயமான கோபம். அப்படிப்பட்ட கடைக்குப் போகவே கூடாது. எத்தனை கிராம் என்று ஸ்டிக்கரில் இருக்கும். கசிவை அடைத்து, வாக்கம் போட்டு, தராசில் வைத்து ஏற்றுவார்களா என்று கேட்டுவிட்டுச் சாவி கொடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால், கேஸ் விரிந்து குளிரும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகிக் கம்ப்ரசரையும் அரிக்கும். உங்கள் கேனால் ஈரத்தை வெளியே எடுக்க முடியுமா? இன்னொன்று, இந்த கேஸ் கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

மகேஷ்:
பார்த்துவிட்டேன். ஃபேன் சுற்றவில்லை. தண்ணீர் ஊற்றியதும் குளிர்ந்தது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஃபேனுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயை எடுத்துவிட்டு, அதே வகை ரிலே ஒன்றைப் போட்டும் பலனில்லை.

முருகேசன்:
இப்போது ஏசி ஓடும்போது ஃபேன் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். விளக்கு நன்றாக எரிந்தால் கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது. எரியாவிட்டால் ஒயரிங்கையும் எர்த்தையும் தேடுங்கள்.

கண்ணன்:
மோட்டார் மாற்றிய பிறகும் கூலிங் குறைவாக இருந்தால் நான் கேன்தான் சொல்வேன்.

முருகேசன்:
நான் அப்போதும் கசிவைத்தான் தேடச் சொல்வேன். பைப் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் அங்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள் மகேஷ்.