பிஐஇ-யில் குறுக்கே நுழைந்த கார்: இப்போது நான்தான் பின்னாலிருந்து இடித்தேன் என்கிறார்கள். என்ன செய்வது?

செங்காங்வாசி எழுதியது:

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை மாலை சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் (பிஐஇ) துவாஸ் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். மனைவியும் மகளும் வண்டியில். யூனோஸ் அருகே நான் இடதுகோடித் தடத்தில் நேராகப் போகிறேன். இணைப்புச் சாலையிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் கார், எனக்கும் எனக்கு முன்னால் போன லாரிக்கும் இடையில் சட்டென்று நுழைந்தது. பிரேக்கை அழுத்தியும் இடம் போதவில்லை. என் காரின் முன்பக்க இடது மூலை அவருடைய வலது பின்கதவில் பட்டு, பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு வரை உரசிக்கொண்டு போனது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை.

இறங்கியதும் அவர் சாரி சொன்னார். விவரங்களை மாற்றிக்கொண்டோம், படமும் எடுத்தேன். மறுநாள் காலையிலேயே என் காப்புறுதி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் விபத்து அறிக்கை கொடுத்துவிட்டேன். நேற்று எங்கள் காப்புறுதி நிறுவனத்திலிருந்து கடிதம். வெள்ளைக் கார்க்காரர் ஏற்கெனவே தடத்துக்குள் முழுதாக வந்துவிட்டாராம், நான் பின்னாலிருந்து மோதினேனாம், என் காப்புறுதியிலிருந்து இழப்பீடு கேட்கிறார். தொலைபேசியில் பேசிய அதிகாரியும், "பின்னாலிருந்து இடித்தால் பொதுவாகப் பின்வண்டி மேல்தான் தப்பு" என்கிறார்.

என் காரைச் சரிசெய்யப் பட்டறையில் 2,650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்கிறார்கள். எனக்கு என்சிடி (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடி) 50 விழுக்காடு, எக்சஸ் (பழுதுச் செலவில் நான் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) 800 வெள்ளி. முன்பக்கக் கேமரா இருக்கிறது. சொந்தக் காப்புறுதியில் சரிசெய்துகொள்வதா, அவரிடம் கேட்பதா? என் மீது தப்பு என்று எழுதிவிடுவார்களா?

வண்டிக்காரன் எழுதியது:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். கேமராவின் கார்டை முதலில் வெளியே எடுங்கள். அது பழைய பதிவின் மேலேயே புதிதை எழுதிக்கொண்டே போகும். ஒரு வாரம் வேலைக்கு ஓட்டினால் அந்தச் சனிக்கிழமை அதில் இருக்காது. கணினியில் ஒரு நகல், வெளியே வேறு எங்காவது இன்னொரு நகல். மூலக் கார்டைப் பத்திரமாக வைத்துவிட்டு வண்டிக்குப் புதிது போடுங்கள்.

மோதிய அந்த நொடியை மட்டும் வெட்டி வைக்காதீர்கள். அதற்கு முந்தைய ஒரு நிமிடமாவது வேண்டும். நீங்கள் எவ்வளவு நேரமாக அந்தத் தடத்தில் இருந்தீர்கள், லாரிக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருந்தீர்கள், அவர் சிக்னல் போட்டாரா என்பதெல்லாம் அந்த நிமிடத்தில்தான் தெரியும்.

விரைவுச்சாலைக்குள் நுழைகிறவர்தான் ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஓட்டுநர் தேர்வுக்குப் படிக்கும்போதே சொல்லித்தருகிற விதி இது. டாக்சி ஓட்டுகிற எங்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. அவர் சொன்ன சாரியைப் பெரிதாக நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போனதும் கதை மாறும். வீடியோ மாறாது.

போலீஸ் அறிக்கை வேண்டுமா என்று குழம்ப வேண்டாம். ஆம்புலன்ஸில் யாரையாவது ஏற்றிப் போயிருந்தால், மருத்துவர் மூன்று நாளோ அதற்கு மேலோ விடுப்பு கொடுத்திருந்தால், பாதசாரி, சைக்கிளோட்டி, வெளிநாட்டு வண்டி, அரசாங்கச் சொத்து சம்பந்தப்பட்டிருந்தால், இடித்தவர் நிற்காமல் ஓடியிருந்தால் போலீசுக்குப் போக வேண்டும். நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் மகளுக்கோ மனைவிக்கோ கழுத்து வலி வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பட்டறைத்தம்பி எழுதியது:

அண்ணே, பட்டறையில் க்ளெய்ம் (காப்புறுதி இழப்பீட்டுக் கோரிக்கை) வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதிய சேத விவரமே உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது.

அவர் சொல்வதுபோல் தடத்துக்குள் முழுதாக வந்து நேராகிவிட்ட காரை நீங்கள் பின்னாலிருந்து இடித்திருந்தால் அடி எங்கே விழ வேண்டும்? அவருடைய பின்பம்பர், டிக்கி. உங்கள் முன்பம்பர் நடுவில் நசுங்கியிருக்கும். உங்களுடையது மூலை, அவருடையது பக்கவாட்டு. கதவில் தொடங்கிச் சக்கரத்துத் தகடு வரை கோடு இழுத்திருக்கிறது. மோதும்போது அவர் கார் சாய்வாக, இன்னும் நுழைந்துகொண்டிருந்தது என்பதைத்தான் அந்தக் கோடு காட்டுகிறது. உரசல் எந்தத் திசையில் இழுத்திருக்கிறது என்று சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்ப்பார். அதனால் நீங்கள் எடுத்த படங்களில் அவர் காரின் வலதுபக்கமும் பின்பம்பரும் தெளிவாக இருக்கின்றனவா பாருங்கள். அடிபடாத பின்பம்பரின் படம் அடிபட்ட கதவின் படத்துக்குச் சமம். சாலையில் வெள்ளைக் கோடு தெரிகிற படம் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம், இதைத் தவறவிடாதீர்கள்: அவர் தரப்பிலிருந்து கேட்கப்போகிறீர்கள் என்றால் வண்டியை இப்போதே சரிசெய்ய விடக்கூடாது. பழுதுபார்க்கும் முன் அவர்களுடைய காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பி, வண்டியைப் பார்வையிட வாய்ப்பு தர வேண்டும். பார்க்க வருகிறோம் என்றோ வேண்டாம் என்றோ இரண்டு வேலை நாள்களுக்குள் அவர்கள் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் தட்டிப் பூசிவிட்டால், பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் சண்டை போடுவார்கள். பட்டறையே இந்தக் கடிதத்தை அனுப்பும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் பட்டறை தரும் அனுமதிப் படிவத்தை முழுதாகப் படியுங்கள். வழக்கறிஞரை நியமிக்கும் உரிமையும் சில படிவங்களில் சேர்ந்தே வரும்.

அவருடைய காப்புறுதி நிறுவனம் எது என்று தெரியாவிட்டால், வண்டி எண்ணையும் விபத்துத் தேதியையும் வைத்துக் கட்டணம் செலுத்தித் தெரிந்துகொள்ளலாம்.

ஈசூன் அக்கா எழுதியது:

செங்காங்வாசி, கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பலரும் 800 வெள்ளி எக்சஸை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

என்சிடி 50 விழுக்காட்டில் இருக்கும் தனியார் கார், ஒரு க்ளெய்முக்குப் பிறகு 20 விழுக்காட்டுக்கு இறங்கும். 40-ல் இருந்தால் 10, 30-ம் அதற்குக் கீழும் பூஜ்யம். உதாரணத்துக்கு, தள்ளுபடி இல்லாத சந்தா 2,000 வெள்ளி என்று வையுங்கள். இப்போது 1,000 கட்டுகிறீர்கள். அடுத்த ஆண்டு 1,600, அதற்கடுத்து 1,400, பிறகு 1,200. மறுபடி 1,000-க்கு வர மூன்று ஆண்டுகள், கூடுதலாக 1,200 வெள்ளி. எக்சஸையும் சேர்த்தால் 2,000. உங்கள் பழுதுச் செலவே 2,650தான். க்ளெய்ம் செய்தாலும் தள்ளுபடி குறையாமல் காக்கும் என்சிடி பாதுகாப்பு வாங்கியிருந்தால் கதை வேறு, உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைப் பாருங்கள்.

நீங்கள் எதுவுமே கேட்காமல் சும்மா இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் கேட்கிற பணத்தை உங்கள் நிறுவனம் கொடுத்தால் அதுவும் உங்கள் பெயரில் க்ளெய்ம்தான். எதிர்த்தரப்பு கேட்கும் இழப்பீட்டைப் பேசி முடிக்கும் உரிமையைப் பெரும்பாலான காப்புறுதிப் பத்திரங்கள் நிறுவனத்துக்குத் தந்துவிடுகின்றன. சின்னத் தொகைதானே, கொடுத்து முடித்துவிடலாம் என்று அவர்கள் நினைக்க இடம் தராதீர்கள். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: தவறு என்னுடையதில்லை, காணொளி இணைத்திருக்கிறேன், இதைப் பரிசீலிக்காமல் எதிர்த்தரப்போடு முடிக்க வேண்டாம். தொலைபேசியில் பேசியது காற்றோடு போகும்.

பணம் கேட்கும் வழிக்கு வருவோம். காயமில்லாத விபத்து, தொகை 3,000 வெள்ளிக்குக் கீழே. இப்படிப்பட்டவை நீதிமன்றத்துக்குப் போகும் முன் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். முதலில் அவருடைய நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அங்கே போகலாம். முதலில் சமரசப் பேச்சு, அது முடியாவிட்டால் தீர்ப்பாளர். சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கார் விபத்துச் சேதத்தை அங்கே எடுக்க மாட்டார்கள்.

நேர்வழி எழுதியது:

எல்லோரும் நூற்றுக்கு நூறு அவர் தப்பு என்கிறீர்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நுழைகிறவர் மீதுதான் பெரும்பங்கு, சரி. ஆனால் நேராகப் போகிறவரும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அவர் சிக்னல் போட்டு மூன்று நான்கு நொடிகள் ஆகியிருந்து, நீங்கள் வேகத்தைக் குறைக்காமல் இடைவெளியை மூடியிருந்தால் உங்கள் மீதும் ஒரு பங்கு விழும். வீடியோவில் வேகம் பதிவாகிறதா? பிரேக் எப்போது போட்டீர்கள்?

சிங்கப்பூர் சட்டக் கழகம் இலவசமாக நடத்தும் மோட்டார் விபத்துக் கணிப்பு இணையத்தளம் ஒன்று இருக்கிறது, பெயர் மேக்கோ. கேள்விகளுக்குப் பதில் தந்தால் யார் மீது எவ்வளவு பங்கு என்று உத்தேசமாகக் காட்டும். அரசு நீதிமன்றங்களின் விபத்து வழிகாட்டியிலும் படத்தோடு சூழ்நிலைகள் இருக்கின்றன. தடம் மாறும் வண்டி, இணையும் வண்டி படங்களைப் பாருங்கள். உங்களுடையதைப் பின்மோதல் படத்தோடு அல்ல, அவற்றோடு ஒப்பிட வேண்டும். அந்த அதிகாரி தவறான படத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று தோன்றுகிறது.

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. கார்டை எடுத்து நகல் வைத்துவிட்டேன். நேர்வழி அண்ணன் கேட்டதற்காகவே வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவர் சிக்னல் போடுவதும் வண்டியைத் திருப்புவதும் ஏறக்குறைய ஒரே நேரம். அவருடைய முன்சக்கரம் கோட்டைத் தாண்டியதிலிருந்து மோதல் வரை இரண்டு நொடிகூட இல்லை. வேகம் வரம்புக்குள்தான், திரையில் பதிவாகியிருக்கிறது. மோதும்போது அவருடைய இடது சக்கரங்கள் இன்னும் இணைப்புச் சாலையில். பின்பம்பரில் கீறல்கூட இல்லை, படம் இருக்கிறது. இதையெல்லாம் நொடிக்கணக்கோடு எழுதி எங்கள் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டேன். பட்டறை மூலம் பார்வையிடும் அறிவிப்பும் போய்விட்டது.

செங்காங்வாசி எழுதியது:

புதுச் செய்தி. எங்கள் நிறுவனத்தில் வேறோர் அதிகாரி கூப்பிட்டார். காணொளியைப் பார்த்துவிட்டாராம், அவர்களுடைய கோரிக்கையை மறுத்து எழுதுகிறார்களாம். அவர் தரப்பு நிறுவனம் வண்டியைப் பார்வையிட்டு, தொகையையும் ஏற்றுக்கொண்டு, 80-க்கு 20 என்று பேசுகிறது. 20 என் மீது. ஏற்கலாமா?

ஈசூன் அக்கா எழுதியது:

20 என்றால் 2,650-ல் 2,120 உங்கள் கைக்கு. மீதி 530 உங்களுடையது. அதோடு அவருடைய சேதத்தில் ஐந்தில் ஒரு பங்கை உங்கள் நிறுவனம் கொடுக்கும். பொதுவாக 20 விழுக்காடு வரை பொறுப்பு என்றால் என்சிடியில் கைவைப்பதில்லை. அப்படித்தானா என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் பேசுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த வீடியோவை வைத்துக்கொண்டு முதல் பேச்சிலேயே 20-க்கு இறங்க மாட்டேன். முழுத்தொகையையும் காரணத்தோடு ஒருமுறை கேளுங்கள். பழுதுபார்க்கும் நாள்களுக்கு வாடகை வண்டிச் செலவையோ வண்டி இல்லாத நாள்களுக்கான இழப்பையோ சேர்த்தீர்களா? அதுவும் உங்கள் உரிமை. மறுத்தால் ஃபிட்ரெக் இருக்கிறது. பொருள் சேதத்துக்கு வழக்குத் தொடர ஆறு ஆண்டுகள் இருக்கின்றன, அவசரம் அவர்களுக்குத்தான்.

பட்டறைத்தம்பி எழுதியது:

அக்கா சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எந்த விகிதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், காசோலையோடு வரும் படிவத்தில் இந்த விபத்து தொடர்பான எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டிச் சேதத்துக்கு மட்டும் என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது பிறகு கழுத்து வலி, முதுகு வலி என்று வந்தால் காயத்துக்கான கோரிக்கை தனி. அதற்கு மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது.

செங்காங்வாசி எழுதியது:

வாடகை வண்டிச் செலவைச் சேர்க்கவில்லை, இன்று சேர்த்து அனுப்புகிறேன். 20-ஐ மறுத்து முழுத்தொகை கேட்டு எழுதிய கடிதத்தைப் பட்டறையும் பார்த்துச் சரி என்றார்கள். படிவம் வந்தால் இங்கே கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.